முன்பல் என்று எழுதிய பல்

வாயைத் திறந்தே வைத்திருப்பது இவ்வளவு கடினமான வேலை என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. "இன்னும் கொஞ்சம், இன்னும், ஆங், அப்படியே வச்சுக்கங்க" என்கிறார் டாக்டர் ஹேமலதா. தலைக்கு மேல் விளக்கு. விளக்கைச் சுற்றியிருக்கும் பளபளப்பான தட்டில் என் வாய் தெரிகிறது. சின்னதாக, சிவப்பாக, அறுத்துப் பிரித்து வைத்த ஏதோ ஒன்றைப் போல. அதற்குள் ஊசி போகிறது. பார்க்க வேண்டாமென்று கண்ணை மூடினால் ஊசி இன்னும் பெரிதாகிறது. தாடை எலும்பு முடிகிற மூலையில், காதுக்குப் பக்கத்தில், ஆழத்தில் எங்கேயோ குத்தி நிற்கிறது. மருந்தின் கசப்பு தொண்டைக்கு வழிகிறது. "விழுங்காதீங்க, துப்புங்க." துப்புகிறேன். துப்பும்போதே உதட்டின் இடது பாதி என்னிடமிருந்து விலகிப் போவது தெரிகிறது, யாரோ அதன் விளக்கை அணைத்துவிட்டதைப் போல. கீழ்வரிசை, இடது பக்கம், கடைவாய்ப் பல். அதுதான் இன்று போகிறது. சாயங்காலம் தல்லாகுளத்தில் ஒரு அரங்கில் நான் கவிதை வாசிக்க வேண்டும். புனைபெயரில் இல்லாமல், பூங்கோதை என்ற என் சொந்தப் பெயரில், என் முகத்தோடு, முதல் தடவையாக. மேடையில் ஏறி, கேட்பவர்கள் முன்னால் நின்று, நான் ஒரு பெண்ணை நேசிக்கிற பெண் என்று தெரியும்படி வாசிக்க வேண்டும். பாதி உதடு இல்லாமல். நாளைக்கு வருகிறேனே என்று கெஞ்சிப் பார்த்தேன். "முகத்தைக் கண்ணாடில பாத்தீங்களா? சீழ் கழுத்துக்கு எறங்குச்சுன்னா என்கிட்ட வர மாட்டீங்க, பெரியாஸ்பத்திரிக்குப் போவீங்க" என்றார் டாக்டர். அப்புறம்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார். "பல்லு எப்படி உடைஞ்சது?" நான் வாயைத் திறப்பதற்குள் கதவருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா சொல்லிவிட்டாள். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா டாக்டரம்மா. ஒரே பாசி." நாலு வருஷமாக அம்மா சொல்கிற வாக்கியம். ஒரு எழுத்து கூடாமல், குறையாமல். பாசி கூட மறக்காமல்.

நான் அப்போது இருந்த அம்மா வீட்டு பாத்ரூமில் பாசியே கிடையாது. அம்மா வாரம் இரண்டு தடவை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ப்பாள். ஹெல்மெட்டில் பாசி இருக்குமா? கறுப்பு ஹெல்மெட், பின்பக்கம் ஒரு சிங்கத்தின் ஸ்டிக்கர், பாதி உரிந்தது. அண்ணன் வேலையிலிருந்து வந்து வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, வழக்கமாக அதை ஆணியில் மாட்டுவான். அன்றைக்கு மாட்டவில்லை. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் மாட்டவில்லை, ஏன் கையிலேயே வைத்திருக்கிறான் என்று. இன்னொரு கையில் என் போன். நான் சார்ஜில் போட்டிருந்த போன் அவனிடம் எப்படிப் போனது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே, "யாருடி ரோஸ்லினு?" என்றான். சத்தமே இல்லாமல் கேட்டான். அடுத்த வீட்டுக்குக் கேட்கக்கூடாது என்கிற கவனம் அவனிடம் கடைசிவரை இருந்தது. "ஃபிரெண்டுண்ணே" என்றேன். "ஃபிரெண்டு இப்பிடித்தான் எழுதுவாளா?" அதற்குப் பிறகு அந்தச் சிங்கம் என் கன்னத்தை நோக்கி வந்தது. வந்தது என்பதுதான் சரி. அடித்தான் என்று நினைத்துப் பார்த்தால் அவனுடைய கை தெரிய வேண்டும், எனக்குக் கை ஞாபகமில்லை, சிங்கம்தான் ஞாபகம். "தட்டுறது தெரியுதா? வலிச்சா இடது கையத் தூக்குங்க." டாக்டர் ஏதோ கம்பியால் பல்லைத் தட்டுகிறார். டக் டக். அந்தச் சத்தம் காதுக்கு வெளியிலிருந்து வரவில்லை, மண்டைக்குள்ளிருந்து வருகிறது. நான் இடது கையைத் தூக்குகிறேன். "சீழ் இருக்குற எடத்துல மருந்து சரியாப் பிடிக்காது. இன்னொண்ணு போடுறேன். பொறுத்துக்கங்க தாயி." இன்னொரு ஊசி. பொறுத்துக்கொள்கிறேன். பொறுத்துக்கொள்வது எனக்குத் தெரிந்த வேலை. எல்லாருக்கும் தெரிந்த வேலை, சாயங்காலம் வாசிக்கப்போகிற எங்கள் கவிதைத் தொகுப்பில் எழுதியிருக்கும் அத்தனை பேருக்கும். அதனால்தானே தொகுப்பு அவ்வளவு கனமாக வந்திருக்கிறது.

முன்பல் விழுந்த இடத்தில் இப்போது ஒரு கதவு. அதன் வழியே உன் பெயரைக் காற்றாக வெளியே விடுகிறேன். இதுதான் என் கவிதையின் தொடக்கம். மனப்பாடம். முன்பல். என் முன்பற்கள் எல்லாம் இருக்கின்றன, எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம், விளக்கைச் சுற்றிய தட்டில் இப்போதும் வரிசையாகத் தெரிகின்றன, கொஞ்சம் மஞ்சளாக. உடைந்தது கடைவாய்ப் பல். ஆனால் கடைவாயில் கதவு வைக்க முடியாதே. கடைவாயில் பல் போனால் வெளியே தெரிவது என்ன? ஒன்றுமில்லை. சிரித்தால் தெரியாது, பேசினால் தெரியாது, அந்தப் பக்கம் மெல்லாமல் இருக்கப் பழகிக்கொண்டால் போதும். காற்றுப் போக வேண்டுமென்றால் முன்பல்தான் போக வேண்டும். பேனாவால் ஒரே இழுப்பில் பல்லை இடம் மாற்றினேன், டாக்டர் ஹேமலதாவுக்கு இந்தப் பாடு, எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. இணைய இதழில் வேம்பரசி என்கிற புனைபெயரில் வந்தபோது எத்தனை பேர் எழுதினார்கள், அந்தக் கதவு என்னைத் தூங்கவிடவில்லை என்று. ரோஸ்லின் மட்டும் பாராட்டவில்லை. சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டே, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "எந்தப் பல்லுன்னு எனக்குத் தெரியும்ல" என்றாள். "கவிதைக்கு அப்படி வேணும்" என்றேன். "சரி. எல்லாரும் பாக்குற பல்லா மாத்திக்கிட்ட. யாருக்கும் தெரியாத எடமாப் பாத்து அவன் அடிச்சான். நீ அந்த எடத்தை விட்டுட்ட." தட்டை அடுக்கினாள். "அவனுக்கு வசதிதான்." அன்றைக்கு அவள்மேல் எனக்கு வந்த கோபம் சாதாரணமானதில்லை. அந்தத் தட்டை எடுத்து அவள் முதுகில் அடிக்கலாம் போலிருந்தது. அடிக்கலாம் போலிருந்தது என்பதை நான் எந்தக் கவிதையிலும் எழுதவில்லை. கை அரித்தது. என் கை. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி கை என்று அம்மா சொல்வாள், எனக்கும் அண்ணனுக்கும், சின்ன விரல் கொஞ்சம் வளைந்து.

"சக்‌ஷன்" என்கிறார் டாக்டர். உதவிக்கு நிற்கும் ஜோதிமீனா ஒரு குழாயை என் உதட்டோரம் மாட்டுகிறாள். அது என் எச்சிலை உறிஞ்சுகிற சத்தம், டீக்கடையில் கடைசி வாய் டீயை உறிஞ்சுகிற சத்தம். டாக்டர் ஒரு தடித்த கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் நுழைத்து நெம்புகிறார். அழுத்தம்தான் தெரியும், வலி தெரியாது என்று சொல்லியிருந்தார். அழுத்தம் என்று இதற்குப் பெயரா? என் தாடை முழுவதும் கழன்று அவர் கையோடு போய்விடும் போலிருக்கிறது. ஜோதிமீனா இன்னொரு கையால் என் தாடையைக் கீழேயிருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டே பேசுகிறாள், காய்கறி நறுக்கும்போது பேசுகிற மாதிரி. "டாக்டர், எங்க தெரு மாடி வீட்டுல ரெண்டு புள்ளைக குடி வந்துருக்காளுக. வீட்டுக்காரம்மா என்கிட்ட வந்து, ஏம்மா மீனா, அக்கா தங்கச்சியான்னு கேட்டா ரெண்டும் சிரிக்குதுகம்மாங்குது." நெம்புகோல் நிற்கிறது. "யாரு அக்கா தங்கச்சி?" "யாருமில்ல டாக்டர். அதுக அதுதான். நான் பாத்ததும் கண்டுபிடிச்சேன். ஒருத்தி வண்டி எடுக்க வர்றதுக்கு முன்னாடியே இன்னொருத்தி சீட்டத் தொடச்சு வைக்கிறா. எந்த அக்கா தங்கச்சிக்குத் தொடச்சு வைக்கிறா? என் தங்கச்சி என் சேலையில மூக்கச் சிந்துவா." டாக்டர் சிரிக்கிறார். அவர் சிரிப்பு கம்பி வழியாக இறங்கி என் எலும்பில் கிடுகிடுக்கிறது. "நீ என்ன சொன்ன வீட்டுக்காரம்மாகிட்ட?" "வாடக குடுக்குதுகளா, குடுக்குதுக, பெறகென்னன்னேன். புருஷனும் இல்ல, மாமியாரும் இல்ல, நிம்மதியா இருந்துட்டுப் போகட்டும். நமக்குத்தான் குடுத்து வைக்கல." நான் விளக்கையே பார்க்கிறேன். என் முகத்தில் ஏதாவது தெரிகிறதா? வாய் இப்படித் திறந்திருக்கும்போது முகத்தில் வேறு எதுவும் தெரியாது. அம்மாவுக்குக் கேட்டிருக்கும். கதவு பாதிதான் சாத்தியிருக்கிறது. அம்மா இருமுகிறாள். அந்த இருமல் எதற்கு? தொண்டைக்கா, பேச்சுக்கா? என் கைகள் நாற்காலியின் கைப்பிடிகளைப் பிடித்திருக்கின்றன. எப்போது பிடித்தேன்? அவர்கள் என்னைப் பற்றிப் பேசவில்லை. நானும் ரோஸ்லினும் இப்போது குடியிருப்பது மாடி வீடில்லை, அண்ணா நகரில் கீழ்த்தளம், எங்கள் வண்டிச் சீட்டை யாரும் துடைப்பதில்லை. இருந்தாலும் என் மீது நடக்கிற பேச்சு போலவே இருக்கிறது, என் வாய்க்கு மேலே, நான் பதில் சொல்ல முடியாத உயரத்தில். கடித்தால் என்ன? இந்தக் கையுறை போட்ட விரலை இப்போது ஓங்கிக் கடித்தால்? எதற்காகக் கடிப்பது, ஜோதிமீனா நல்லதுதானே சொன்னாள்? நல்லது சொன்னதற்காகத்தான் கடிக்கத் தோன்றுகிறதா?

"க்ராக்." அது பல். "கொஞ்சம் உடைஞ்சிருச்சு. மேல்பாகம் ஏற்கெனவே இல்ல, பிடிமானமே இல்ல. வேரை ரெண்டாப் பிரிச்சுத்தான் எடுக்கணும். ட்ரில் சத்தம் வரும், பயப்படாதீங்க." சத்தத்துக்கா பயம்? எனக்குச் சத்தமில்லாததற்குத்தான் பயம். அண்ணன் ஒரு வார்த்தையும் கத்தவில்லை. நான் விழுந்தபோது என் வாய்க்குள் ஒரு கல் இருந்தது. கல் எப்படி வந்தது, வீட்டுக்குள் கல் ஏது என்று நினைத்துக்கொண்டே அதை விழுங்கிவிட்டேன். ரத்தத்தோடு சேர்த்து. துப்பினால் தரையில் விழும், தரையில் விழுந்தால் அவன் பார்ப்பான், பார்த்தால் இன்னும் அடிப்பான் என்று அந்த நேரத்தில் எவ்வளவு தெளிவாக யோசித்திருக்கிறேன். அம்மா துண்டை நனைத்து என் வாயில் திணித்தாள், ரத்தத்தை நிறுத்தவா, சத்தத்தை நிறுத்தவா, இன்றுவரை கேட்கவில்லை. அப்புறம் விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். "பல்லு எங்கட்டி?" வயிற்றைக் காட்டினேன். அவள் முகம் போன போக்கு. நாலணாவை விழுங்கிய குழந்தைக்குச் செய்வதைப் போல மூன்று நாளும் எனக்கு வாழைப்பழமாகக் கொடுத்தாள். காலையில் கதவுக்கு வெளியே நின்று கேட்பாள், "வந்துருச்சா?" என்று. இதை எந்தக் கவிதையில் வைப்பது? வீங்கிய கன்னமும் வாழைப்பழமும் "வந்துருச்சா"வும். சிரித்துவிடுவார்கள். சிரிக்கக்கூடாது, அழ வேண்டும், அதற்காகத்தான் முன்பல், அதற்காகத்தான் கதவு.

ட்ரில் சுற்றுகிறது. எலும்பு கருகுகிற வாசனை, நகத்தைத் தீயில் காட்டியது போல. நகம். நகம் வெட்டுகிற கவிதையைத்தான் நான் முதலில் தொகுப்புக்குக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை பழைய பேப்பரை விரித்து ரோஸ்லின் என் கால் நகங்களை வெட்டுவாள், எனக்குக் குனிந்தால் இடுப்புப் பிடிக்கும். சுண்டுவிரல் நகம் மட்டும் எங்கேயாவது தெறித்து ஓடிவிடும், அவள் அதைத் தேடிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போவாள். அவ்வளவுதான் கவிதை. தொகுப்பாளர் இளம்பரிதி நல்ல பையன், அவனும் எங்களில் ஒருவன்தான், போனில் தயங்கித் தயங்கிப் பேசினான். "நல்லாருக்குக்கா. ஆனா இதுல அடையாளம் எங்கக்கா இருக்கு? ரெண்டு பேரு நகம் வெட்டுறத யாரும் எழுதலாமே." யாரும் எழுதலாமே. அது குறையா, தம்பி? "அந்தப் பல்லுக் கவிதையக் குடுங்கக்கா. அதுல வலி இருக்கு." கொடுத்துவிட்டேன். தொகுப்பில் எழுதியிருக்கும் திருநங்கை அமிர்தாவிடம் இதைச் சொன்னபோது அவள் டீக் கிளாஸை மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தாள். "ஏத்தா, உனக்காச்சும் பல்லோட போச்சு. நான் என் கிளிப்பச்சைப் பட்டைப் பத்தி எழுதிக் குடுத்தேன். எப்படி வாங்குனேன், கடைக்காரன் என்ன சொன்னான், மடிப்பு எப்படி நிக்கும்னு. போலீஸ் அடிச்சத எழுதுங்க அமிர்தாக்காங்கிறாய்ங்க. போலீஸ் அடிச்சப்ப நான் நைட்டி போட்டிருந்தேன்டா, அதுல என்னத்த எழுதுறது?" பிறகு சிரிப்பை நிறுத்தி, கிளாஸின் அடியில் கிடந்த சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அடிச்சவன் நம்மளை எழுதுறான். அடி வாங்குன எடம்தான் நம்மன்னு நாமளும் நம்பிட்டோம்." ஆனாலும் அவள் அந்த போலீஸ் கவிதையை எழுதினாள். நன்றாகவும் எழுதிவிட்டாள். அதுதான் கொடுமை. நன்றாக எழுதினால் அது உண்மையாகிவிடுகிறது. தொகுப்பில் எங்களைப் பற்றி இரண்டு வரி கேட்டிருந்தார்கள். நான் யார்? கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள் என்று எழுதினேன். அடித்தேன். பெண்ணை நேசிக்கும் பெண் என்று எழுதினேன். அடித்தேன். அண்ணனால் பல் உடைக்கப்பட்டவள் என்று யாரும் எழுதச் சொல்லவில்லை, அது மட்டும் அடிக்காமல் உள்ளேயே நின்றது.

"இப்ப ஒரு வேர் வருது. மூச்சு மூக்குல விடுங்க." குறடு பற்றுகிறது. டாக்டரின் முழங்கை என் நெற்றிக்கு மேலே நடுங்குகிறது, இவ்வளவு சின்ன உடம்பில் இவ்வளவு பலமா? மருந்து பிடிக்காத ஒரு மூலையை அது தொட்டுவிட்டது. வெள்ளையாக ஒன்று காதிலிருந்து கண்ணுக்கு ஓடுகிறது. நான் கத்துகிறேன், கத்தலுக்கு உதடு இல்லாததால் அது மாடு கத்துகிற மாதிரி வருகிறது. "முடிஞ்சது முடிஞ்சது." முடியவில்லை. இந்த நாற்காலியில் அவன் கிடக்க வேண்டும். செல்வகணபதி, என் அண்ணன், வாயைத் திறந்து, கைகளை வாரால் கட்டி. விளக்கை நான் இழுத்து அவன் முகத்துக்கு நேராக வைப்பேன். மருந்து போட மாட்டேன். முதலில் கடைவாய், யாருக்கும் தெரியாத இடம், அவன் எனக்குச் செய்த மரியாதை அதுதானே. குறடால் பிடித்து இரண்டு பக்கமும் ஆட்டி ஆட்டி, வேர் முறியாமல், பொறுமையாக. ஒவ்வொன்றையும் எடுத்துத் தட்டில் போடும்போது டங் என்று கேட்கும். பிறகு அடுத்தது. அவன் கண்ணில் தண்ணீர் வழியும், "வேணாம் பூவு" என்பான். பூவு. அந்தப் பெயரில் அவன்தான் என்னைக் கூப்பிடுவான். முதல் பால் பல் ஆடியபோது நான் ஒரு வாரம் யாரையும் தொட விடவில்லை. அவன்தான் நூலை எடுத்து, பல்லில் சுருக்குப் போட்டு, மறுமுனையைக் கதவுக் கொண்டியில் கட்டினான். "கண்ண மூடு பூவு. ஒண்ணு, ரெண்டு," மூன்று சொல்லாமலே கதவைச் சாத்திவிட்டான், சொன்னால் நான் பயப்படுவேன் என்று. வலிக்கவே இல்லை. ரத்தத்தைத் தன் சட்டையால் துடைத்தான். பல்லை என் கையில் கொடுத்து, என்னைத் தூக்கிப் பிடித்து, ஓட்டு மேல் எறியச் சொன்னான். அதுதான் முன்பல். என் வாழ்க்கையில் முதன்முதலாக விழுந்த அந்தக் கீழ் முன்பல்லை எடுத்ததும் அவன்தான். கவிதையில் நான் எழுதிய பல் அதுவா? ஐயோ. இவ்வளவு நாள் எனக்கே தெரியவில்லையே. நல்ல அண்ணன் எடுத்த பல்லைக் கெட்ட அண்ணன்மேல் போட்டுவிட்டேனா? ரெண்டு பேரும் ஒரே ஆள்தானே. கதவைச் சாத்தியதும் அதே கைதானே. சின்ன விரல் வளைந்த கை.

"ரெண்டாவது வேர். இதோட விட்டுருவேன்." டங். தட்டில் விழுகிறது. நான் நினைத்த சத்தமே. என் வாய்க்குள் சூடாக நிரம்புகிறது, ஜோதிமீனாவின் குழாய் அதைச் சளசளவென்று உறிஞ்சுகிறது, கண்ணாடிக் குழாயில் சிவப்பு ஓடுவது தெரிகிறது. பஞ்சை மடித்துக் குழியில் வைக்கிறார் டாக்டர். "கடிச்சுக்கங்க. நல்லாக் கடிங்க. ஒரு மணி நேரம் எடுக்கக் கூடாது, துப்பக் கூடாது, பேசக் கூடாது. உதடு மரத்திருக்கும், தெரியாமக் கடிச்சுப் புண்ணாக்கிக்காதீங்க." தட்டைத் தூக்கி விளக்கில் பார்க்கிறார். இரண்டு துண்டுகள், நகவெட்டியால் வெட்டிய ஏதோ மிருகத்தின் நகங்கள் போல, சிவப்பும் மஞ்சளுமாக. "இது சொத்தைப் பல்லே இல்லயே." கதவைப் பார்த்துக் கேட்கிறார். "அம்மா, விழுந்தா முன்பல்லு போகும், தாடை கிழியும். இது பக்கத்துல இருந்து விழுந்த அடி. எத வச்சு?" நான் பஞ்சைக் கடிக்கிறேன். அம்மா பாசியைச் சொல்வதற்காகக் காத்திருக்கிறேன். பாசி வரவில்லை. குழாய் காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. ஜோதிமீனா அதை அணைக்கிறாள். அம்மா எழுந்து நின்று சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்கிறாள், கோயிலில் சீட்டு வாங்கப் போகிறவளைப் போல. டாக்டர் என்னைப் பார்க்கிறார், பிறகு கையுறையைக் கழற்றுகிறார். ஜோதிமீனா துண்டுகளைக் கழுவி, காகிதத்தில் சுற்றி நீட்டுகிறாள். "வேணுமாக்கா? ஓட்டு மேல எறியிறதுன்னா இப்ப எல்லாம் மாடிதான்." சிரித்துவிட்டு, என் கண்ணைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொள்கிறாள். என் கை நீளுவதற்கு முன்னால் அம்மாவின் கை அதை வாங்கிக்கொள்கிறது.

படியிறங்குகிறோம். அம்மா முன்னால், நான் பின்னால். என் முகத்தின் பாதி வேறு யாருடையதோ போலத் தொங்குகிறது. சாயங்காலத்துக்குள் உதடு திரும்பிவிடுமா? இளம்பரிதி என் பெயரைக் கூப்பிடும்போது நான் எழுந்திருக்க வேண்டும். எந்தப் பெயரை? அண்ணனுக்குத் தெரிந்தால் மறுபக்கத்துப் பல்லும் போகும். தெரியாது, அவனுக்குக் கவிதை என்றால் என்னவென்றே தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது, கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிறவரைப் பார்க்கப் போவதாகச் சொல்லி வைத்திருக்கிறேன், யார் கல்யாணம் என்று அவள் கேட்கவில்லை. கீழே மருந்துக் கடை பக்கத்தில் அம்மா நிற்கிறாள். காகிதப் பொட்டலம் இன்னும் அவள் கைக்குள் இருக்கிறது. "பேசாத. டாக்டர் சொன்னாங்கள்ல" என்கிறாள், நான் பேச வாயெடுக்காதபோதே. ஜெய்ஹிந்துபுரம் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொல்கிறாள். "சித்ராதான் போன்ல வாசிச்சுக் காமிச்சா." சித்ரா என் மதினி, அண்ணனின் மனைவி. என் பற்கள் பஞ்சில் இறங்குகின்றன. "அவன் வேலைக்குப் போனப்பெறகு. அத்த, இது நம்ம பூங்கோதை எழுதுனதாட்டம் இருக்குன்னா. பேரு வேற போட்டிருக்கேன்னேன். ஹெல்மெட்டு வருதே அத்தன்னா. ரெண்டு தடவ வாசிக்கச் சொன்னேன். ரெண்டாவது தடவ அவளால வாசிக்க முடியல." பஸ் ஒன்று வருகிறது, அது வேறு பஸ். "இன்னைக்கு மேடையில வாசிக்கப் போறியாமே. அதையும் போன்ல போட்டிருக்காக." நான் தலையை ஆட்டுகிறேன். ஆமாம் என்றா, இல்லை என்றா, எனக்கே தெரியவில்லை. அடிப்பாள். இப்போது அம்மாவும் அடிப்பாள், இந்த நடுத்தெருவில், மருந்துக்கடைக்காரன் பார்க்க. வீங்கிய கன்னத்தை எந்தப் பக்கம் திருப்புவது?

அம்மா பொட்டலத்தை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்குகிறாள். அவள் கை ஈரமாக இருக்கிறது. "அந்தப் புள்ளையப் பத்தி என்கிட்டப் பேசாத. என்னால அதக் கேக்க முடியாது, நான் அதுக்கு ஆளில்ல. ஆனா முன்பல்லுன்னு வாசிக்காத." கண்ணைத் துடைக்காமல், மூக்கை மட்டும் துடைக்கிறாள். "நாளைக்கு அவன் காதுக்குப் போகும். முன்பல்லுன்னு சொன்னியன்னா, அந்தா வரிசையா இருக்கு பாருங்க, அம்புட்டும் பொய்யின்னுருவான். எல்லாரும் அவன் சொல்றதத்தான் நம்புவாக. கடைவாப் பல்லுன்னு சொல்லு. முழுங்குனன்னு சொல்லு. அதுக்கு நான் இருக்கேன். மூணு நாளும் கதவுகிட்ட நின்னது நாந்தானே." ஜெய்ஹிந்துபுரம் பஸ் வந்துவிட்டது. அவள் திரும்பிப் பார்க்காமல் ஏறுகிறாள், பெண்கள் சீட்டில் இடம் இல்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஜன்னலுக்குக் குனிந்து சத்தமாக, தெருவுக்கே கேட்கும்படி, "ஐஸ் வாங்கிக் கன்னத்துல வையி!" என்கிறாள். அவள் என் விஷயத்தில் சத்தமாகச் சொன்ன முதல் வாக்கியம். ஆட்டோவை நிறுத்துகிறேன். பேச முடியாததால் தல்லாகுளம் என்று போனில் எழுதிக் காட்டுகிறேன். பொட்டலத்தின் ஓரம் நனைந்து சிவக்கிறது, இறுக்கிப் பிடிக்கிறேன், வேரின் முனை உள்ளங்கையில் குத்துகிறது, இன்னும் இறுக்குகிறேன். நகம் வெட்டுகிற கவிதையை முதலில் வாசிப்பேன், இளம்பரிதி என்ன சொன்னாலும் சரி. அப்புறம் இது. கதவு போய்விட்டது, காற்றும் போய்விட்டது, எதை வைத்துத் தொடங்குவது? பஞ்சைக் கடித்துக்கொண்டு, உதடு அசையாமல், உள்ளே வாசித்துப் பார்க்கிறேன். கடைவாய்ப் பல் உடைந்தது. விழுங்கினேன். அம்மா வாழைப்பழம் கொடுத்தாள். ரத்தம் தொண்டைக்கு வருகிறது. துப்பக்கூடாது. இந்தத் தடவை இதையும் விழுங்கிக்கொள்கிறேன், சாயங்காலம்வரைக்கும்தான்.